தொழிலைக் கேட்ட வைத்தியர்

கோணேசர் மலையின் உச்சியில் நின்று கொட்டியாரக் குடாவை நோக்குவார்க்கு அந்நீலப் பரப்பிலே குறையொன்றும் தோன்றாது. கடற்காற்றுத் தூயது, வானம் தெளிந்தது, கப்பல்கள் பொம்மைகள்போல் மிதக்கின்றன. ஆயின், மலையை விட்டிறங்கி, உட்துறையின் கரையோரமாகச் சீனன்குடாப் பக்கம் நடந்து செல்பவன் வேறொரு திருகோணமலையைக் காண்பான். கடல் கடந்து வந்த கோதுமை அங்கே மாவாகின்றது. கிளிங்கர் என்னும் சுட்ட கட்டி அங்கே அரைபட்டுச் சீமெந்தாகின்றது. மூடை சுமக்கும் நாட்டாமைமார், பாரவண்டி ஓட்டுவோர், கிடங்கு கூட்டுவோர், இரும்பு ஒட்டுவோர் எனப் பலர், பிறர் உண்ணவும் உறையவும் வேண்டியவற்றைத் தூசியினிடையே ஆக்கித் தருகின்றனர்.

இத்துறையின் வரலாறு ஒருவகையிலே புகையின் வரலாறுமாகும். நீராவிக் கப்பல்கள் ஓடிய காலத்தில் ஆங்கிலக் கடற்படைக்கு இங்கே நிலக்கரி குவித்து வைக்கப்பட்டிருந்தது. கூடை கூடையாகக் கரி சுமந்தவர்களின் முகமும் மூச்சும் ஒருங்கே கறுத்தன. பின்னர் எண்ணெய்க் குதங்கள் எழுந்தன. 1942 ஏப்ரல் 9ஆந் தேதி யப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தபோது, எரிந்த எண்ணெயின் கரும்புகை துறையின் வானத்தை மூடிற்று. 1957இலே ஆங்கிலக் கடற்படை துறையை விட்டு நீங்கியது. அதன்பின் ஆலைகள் வந்தன. கரியும் எண்ணெயும் மாவும் சீமெந்தும் என்று பொருள் மாறி வந்தது. அதனைச் சுவாசித்தவன் மட்டும் என்றும் ஒருவனே. அவன் கூலியாள்.

அக்கூலியாள் இருமினால், அவ்விருமலுக்கு ஊரார் சூட்டும் பெயர்கள் பல. தொய்வு என்பர்; பனி என்பர்; பீடி என்பர்; கசம் என்று காதோடு சொல்லுவர்; ஒன்றுமே பொருந்தாவிடின் தலைவிதி என்பர். அவன் பகலெல்லாம் எதனிடையே நின்றான் என்று கேட்பவர் சிலரே. அக்கேள்வியை மருத்துவ நூலிலே முதன்முதல் நிலைநாட்டிய ஒருவர் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இத்தாலியில் வாழ்ந்தார். பேர்னாடினோ ரமசீனி என்பது அவர் பெயர். அவர் நம் துறையைக் கண்டவரல்லர். எனினும் அவருடைய வாழ்க்கை நம் துறைக்கு உரியது.

இளமையும் கல்வியும்

வட இத்தாலியிலே மொடேனாவுக்கு அணித்தாயுள்ள கார்ப்பி என்னும் சிறிய நகரில் 1633ஆம் ஆண்டு ரமசீனி பிறந்தார். திருகோணமலையிற் போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்து அக்கல்லாற் கோட்டை கட்டி ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகளே சென்றிருந்த காலம் அது. யேசு சபைத் துறவியரின் பள்ளியில் இலத்தீன் முதலியவற்றைக் கற்ற அவ்விளைஞர், பத்தொன்பது வயதிற் பார்மா நகரப் பல்கலைக் கழகம் புகுந்தார். முதலில் தத்துவம் பயின்று, அதன்பின் மருத்துவத்தைத் தேர்ந்து, 1659இலே பட்டம் பெற்றார். அதற்கு மறு ஆண்டிற்றான் றொபட் நொக்ஸ் என்னும் ஆங்கில மாலுமி கொட்டியாரத்திற் கரையிறங்கிக் கண்டியரசன் கைப்பட்டான் என்பதை நம் வாசகர் நினைவுகூரலாம்.

பட்டம் பெற்றவர் உரோமாபுரி சென்று, அனுபவம் மிக்க வைத்தியர் ஒருவரிடம் தொழிற்பயிற்சி பெற்றார். பின்னர் உரோமாபுரிக்கு வடக்கே சிற்றூர்களில் வைத்தியராக அமர்ந்தார். அது சேற்று நிலமும் கொசுவும் மலிந்த பகுதி. குளிர்காய்ச்சல் அவரைப் பற்றிக்கொண்டது. உடல் நலிந்து, தொழிலை விட்டு, பிறந்த ஊருக்கே மீண்டார். வாழும் இடம் மனிதனின் உடலை எவ்வாறு வருத்தும் என்பதை அவர் ஏட்டிலே படிக்கும் முன் தம் உடம்பிலே படித்தார் எனலாம். இப்பாடம் பின்னாளில் அவருக்குப் பெரிதும் உதவிற்று.

1671இல் மொடேனா நகருக்குக் குடிபெயர்ந்தார். அந்நகரம் எஸ்தே குலத்துக் கோமக்களின் தலைநகர். 1682இலே அங்கு பல்கலைக் கழகம் புத்துயிர் பெற்றபோது, மருத்துவப் பேராசிரியர் பதவி அவரை வந்தடைந்தது. 1690ஆம் ஆண்டை அடுத்துப் பெய்த பெருமழையால் பயிர் அழுகிக் காய்ச்சல் பரவியபோது, வானிலையையும் நீரையும் நோயையும் ஒன்றோடொன்று இணைத்து ஆண்டுதோறும் குறிப்பெழுதி வெளியிட்டார். மொடேனாவின் பீறிட்டெழும் கிணற்று நீரைப் பற்றி 1691இலே ஒரு நூல் செய்தார். காற்றழுத்தமானியை ஆராய்ந்தார். ஜேர்மானியத் தத்துவ ஞானி லைப்னிற்ஸ் மொடேனாவிற்கு வந்திருந்தபோது இருவரும் நண்பராயினர். இவ்வளவில் நின்றிருந்தாலும் அவர் தம் நாட்டின் அறிஞர் வரிசையில் வைத்து எண்ணப்பட்டிருப்பார். ஆனால் உலகம் அவரை நினைப்பது வேறொன்றுக்காக.

மலக்குழியோரத்தில் ஒரு கேள்வி

மொடேனா நெருங்கிய வீடுகளை உடைய நகரம். மூன்றாண்டுக்கு ஒருமுறை வீடுதோறும் மலக்குழிகளை வெறுமையாக்குவது அவ்வூர் வழக்கு. ஒருநாள் ரமசீனியின் வீட்டுக் குழியிலும் ஓர் ஆள் இறங்கி வேலை செய்துகொண்டிருந்தான். அவன் மூச்சு விடவும் நில்லாது விரைந்து விரைந்து அள்ளுவதை அவர் கண்டார். இத்துணை விரைவு ஏன் என்று இரக்கத்தோடு வினவினார். அவன் தலையை நிமிர்த்தி, நான்கு மணி நேரத்துக்கு மேல் அக்குழியில் நின்றால் கண் போய்விடும் என்று விடை கூறினான். அவன் ஏறி வந்தபின் அவனுடைய கண்களை அவர் உற்றுநோக்கினார். அவை சிவந்து மங்கியிருந்தன. வேறு மருந்து உண்டோ என்று கேட்டதற்கு, வீட்டுக்குப் போய் இருட்டறையிற் கிடந்து வெந்நீரால் கண்ணைக் கழுவுவதே தாம் அறிந்தது என்றான். பின்னர் அந்நகரில் இரந்துண்ணும் குருடர் சிலரை அவர் விசாரித்தபோது, அவர்களும் முன்பு அதே தொழில் செய்தவர்களே என்று தெரியவந்தது.

அன்றுதொட்டு அவர் மனம் வேறொரு வழியிற் சென்றது. அறிஞர்கள் நூலகங்களில் நோயைத் தேடிய காலத்தில், அவர் பட்டறைகளுக்குள் நுழைந்தார். கொல்லன் உலை, குயவன் சூளை, மா அரைக்கும் ஆலை, தானியக் கிடங்கு, கல் கொத்தும் களம், சணல் சிக்கெடுக்கும் கொட்டில் ஆகியவற்றிலே நின்று, தொழிலாளரோடு பேசினார். பட்டாடை அணிந்த வைத்தியர்கள் தாழ்வென்று ஒதுக்கிய இடங்களிற் கற்றுக்கொள்ள அவர் நாணவில்லை.

வைத்தியன் நோயாளியிடம் கேட்க வேண்டிய வினாக்களைக் கிரேக்கப் பெருமருத்துவர் ஹிப்போகிரட்டிஸ் வகுத்துச் சென்றிருந்தார். நோய் எத்தனை நாளாக, எக்காரணத்தால், என்ன உணவு என்பன அவை. ரமசீனி அவற்றோடு இன்னொன்றைச் சேர்த்தார். நோயாளி என்ன தொழில் செய்கின்றான் என்பதே அது. ஏழையின் குடிலுக்குச் செல்லும் வைத்தியன் நாடியைப் பிடித்த மாத்திரத்தே தீர்ப்புக் கூறாமல், முக்காலியிலாயினும் சற்றே அமர்ந்து ஆறுதலாக விசாரிக்க வேண்டும் என்றும் அவர் வலியுறுத்தினார்.

தூசியின் நூல்

1700ஆம் ஆண்டு மொடேனாவிலே அவருடைய பெருநூல் இலத்தீனில் வெளிவந்தது. தொழிலாளரின் நோய்களைப் பற்றியதோர் ஆய்வு என்பது அதன் தலைப்பின் பொருள். அப்போது அவருக்கு வயது அறுபத்தேழு. சுரங்கத் தொழிலாளரின் நோய்களைப் பராசெல்சசும் அகிரிக்கோலாவும் 16ஆம் நூற்றாண்டிலேயே எழுதியிருந்தனர். ஆனால், சுரங்கம் முதற் சமையற்கட்டு வரை, சமுதாயத்தின் எல்லாத் தொழில்களையும் வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றும் எந்த உறுப்பை எவ்வாறு வருத்துகின்றது என்று ஆராய்ந்தவர் ரமசீனியே. குயவரை ஈயமும், முலாமிடுவோரைப் பாதரசமும் கெடுப்பதை எழுதினார். சுமை தூக்குவோரையும் மீனவரையும் அவர் மறக்கவில்லை. படித்தே நலங்கெடும் தம் போன்ற அறிஞரையும் ஒதுக்கவில்லை.

தூசியைப் பற்றிய அதிகாரங்கள் நம் கருத்தைச் சிறப்பாகக் கவர்வன. மா அரைப்போரும் அப்பஞ் சுடுவோரும் பறக்கும் மாவினிடையே வாழ்கின்றனர். அது வாயிலும் தொண்டையிலும் நுரையீரலிலும் படிந்து பசையாகி, இருமலையும் குரற்கம்மலையும் ஈற்றிலே தொய்வையும் உண்டாக்குகின்றது என்று அவர் கண்டார். தானியம் புடைப்போரும் அளப்போரும் அதனினும் கொடிய தூசியை உட்கொள்வதால் அவர்களிற் பலர் முதுமையை எட்டுவதில்லை என்று வருந்தினார். அத்தூசி உடலெங்கும் அரிப்பை உண்டாக்குவதைக் கண்டு, கண்ணுக்குப் புலனாகாத சிற்றுயிர்கள் அதில் இருக்கக்கூடும் என்றும் ஊகித்தார். கிடங்குத் தானியத்திலே உண்ணிகளும் பூஞ்சண வித்துகளும் மலிந்திருப்பதை இன்றைய நுண்காட்டி காட்டுகின்றது. அவர் ஊகம் முழுவதும் வீணாகவில்லை.

கல் கொத்துவோரைப் பற்றிய அதிகாரம் நெஞ்சைக் கலக்குவது. ஒல்லாந்த நாட்டு மருத்துவர் டீமர்புறூக், மூச்சுத் திணறி மாண்ட கற்றச்சரின் உடல்களை அறுத்துச் சோதித்த செய்தியை ரமசீனி அங்கே எடுத்துக் கூறுகின்றார். அவர்களுடைய நுரையீரலிலே கத்தியை இட்டபோது, மணற்குவியலில் இட்டாற்போல் அது நறநறத்ததாம். கல்லை உடைத்து மாளிகை கட்டியவன், அக்கல்லின் ஒரு பகுதியைத் தன் மார்பிற் சுமந்து மறைந்தான்.

இவற்றுக்கு அவர் சொன்ன பரிகாரங்கள் எளியவை. வாயையும் மூக்கையும் துணியால் மூடுக. வேலை முடிந்ததும் முகங் கழுவி வாய் கொப்பளிக்க. தூசிக்கு முதுகைக் காட்டி நிற்க. தேனும் காடியும் கலந்த பானம் பருகுக. மூச்சு முட்டத் தொடங்கினால் அத்தொழிலை விட்டு வேறொன்றைத் தேடுக. இவ்விடத்தில் நாம் ஒன்றை மறைத்தல் தகாது. ரமசீனி பெரும்பாலும் தொழிலாளியை நோக்கியே அறிவுரை கூறினார். ஆலையின் உடைமைக்காரனை நோக்கி அவர் விரல் நீண்டது குறைவு. துணியாற் சில்லறைத் தூசி தடைப்படும், நுண்தூசி தடைப்படாது. வேறு தொழிலைத் தேடும் வசதி உள்ளவன் முதலிலேயே அக்கிடங்கிற் புகுந்திருக்க மாட்டான். அவர் காலத்திலே தொழிற்சட்டம் என்று ஒன்று இல்லை என்பதை எண்ணும்போது இக்குறை பொறுக்கத்தக்கதே. எனினும், தொழிலால் நாடு வளம் பெறுகின்றது, ஆதலால் தொழிலாளிக்கு மருத்துவம் கடன்பட்டிருக்கின்றது என்ற கருத்தை அவர் நூலின் வாயிலிலேயே நாட்டினார். அது பிற்காலத்தார் வளர்த்தெடுத்த விதை.

மங்கிய கண்ணும் மங்காத பணியும்

நூல் வெளிவந்த அதே ஆண்டு, வெனிஸ் குடியரசு அவரைப் பாதுவாப் பல்கலைக் கழகத்தின் பேராசிரியராக அழைத்தது. ஐரோப்பா முழுவதிலிருந்தும் மருத்துவ மாணாக்கர் வந்து கூடும் பேரவை அது. முதுமையில் வந்த அப்பெருமையோடு துன்பமும் வந்தது. நெஞ்சுப் படபடப்பும் தலைவலியும் அவரை வாட்டின. கண்ணொளி படிப்படியாக அவிந்தது. பதவியைத் துறக்க விரும்பியபோதும் ஆட்சியாளர் இசைந்திலர். பேரப்பிள்ளைகள் படித்துக் காட்டவும் எழுதிக் கொடுக்கவும், அவர் கற்பித்தலைத் தொடர்ந்தார். கண்ணிழந்த மலக்குழித் தொழிலாளியைக் கண்டு இரங்கியவர் தாமும் கண்ணிழந்து நின்றது ஊழின் விளையாட்டுப் போலும்.

ஆயினும் பணி நிற்கவில்லை. 1711இலே மாடுகளுக்குக் கொள்ளைநோய் பரவியபோது அதனைப் பற்றி உரையாற்றினார். 1713இலே தம் பெருநூலை மேலும் பன்னிரண்டு தொழில்களைச் சேர்த்து வெளியிட்டார். அச்சுத் தொழிலாளர், தச்சர், நெசவாளர், செங்கல் அறுப்போர், கிணறு வெட்டுவோர், கப்பலோட்டுவோர் முதலியோர் அதிலே இடம்பெற்றனர். மறு ஆண்டு, 1714 நவம்பர் 5ஆந் தேதி, மாணாக்கருக்குப் பாடஞ் சொல்லச் செல்லும் வேளையிலே மூளையில் நேர்ந்த தாக்கினால் வீழ்ந்து உயிர் நீத்தார். வயது எண்பத்தொன்று.

விதை முளைத்த கதை

அவருடைய நூல் 1705ஆம் ஆண்டிலேயே ஆங்கிலத்திற் பெயர்க்கப்பட்டது. ஆனால் அது கூறிய உண்மை ஆலைகளின் கதவைத் திறக்க நெடுங்காலம் சென்றது. இயந்திரங்கள் பெருகியபோது தூசியும் பெருகிற்று. கையுளியால் ஒரு நாளில் எழுந்த தூசியைத் துளைபொறி சில நிமிடத்தில் எழுப்பிற்று. 1919இலே சர்வதேசத் தொழில் நிறுவனம் தோன்றியது. 1930இலே அதன் ஆதரவில் கற்றூசி நோயைப் பற்றிய மாநாடு ஜொஹானஸ்பேர்க் நகரிற் கூடியது. இலங்கையிலே தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942இலே இயற்றப்பட்டது. தூசியையும் புகையையும் தொழிலாளர் சுவாசியாதபடி அவை எழும் இடத்திலேயே அகற்ற ஆவன செய்தல் வேண்டும் என்பது அதன் ஏற்பாடுகளுள் ஒன்று. திருகோணமலையில் எண்ணெய் எரிந்த அதே ஆண்டில் அச்சட்டம் பிறந்தது. 1982இலே, அவர் பெயரைத் தாங்கிய உலக அறிஞர் கழகமொன்று நிறுவப்பட்டது. கல்நார்த் தூசியின் கொடுமையை வெளிப்படுத்திய அமெரிக்க மருத்துவர் செலிக்கோவ் அதனைத் தொடக்கியவருள் ஒருவர்.

ரமசீனி கண்டவற்றின் காரணத்தை இன்றைய மருத்துவம் விளக்குகின்றது. மூக்கின் மயிரும் சளியும் பெரிய துகளைத் தடுக்கும். மூச்சுக் குழாயின் நுண்மயிர்கள் தப்பிப் புகுந்ததை மேலே தள்ளும். ஆனால், ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாக வகுத்தால் அதில் ஏறக்குறைய ஐந்து பங்குக்கு உட்பட்ட துகள், இவ்விரு காவலையும் கடந்து காற்றறை வரை சென்றுவிடும். நம் தலைமயிரின் பருமன் அதைப்போல் பத்து மடங்குக்கு மேல். ஆகவே, கண்ணுக்குத் தெரியும் தூசியினும் தெரியாத தூசியே கொடியது. கற்றூசியிலுள்ள சிலிக்காவை நுரையீரலின் காவற் கலங்கள் விழுங்கி மடிகின்றன. அவ்விடம் தழும்பாகி இறுகுகின்றது. தழும்பை நீக்கும் மருந்து இல்லை. அவ்வாறு தழும்பேறிய நுரையீரலிற் கசமும் எளிதிற் குடிபுகும். மாத்தூசி வேறு வகையில் வேலை செய்கின்றது. உடல் அதனைப் பகையென்று கருதப் பழகிவிடுகின்றது. முதலில் தும்மலும் கண்ணீரும். பின்னர் இழுப்பும் தொய்வும்.

ரமசீனியின் கேள்வி நோயாளிக்கு எவ்வளவு பயன் தருவது என்பது இங்கே விளங்கும். மூடை சுமக்கும் ஒருவன் இருமலோடு வந்தால், எங்கே வேலை என்று கேட்பதோடு, விடுமுறை நாளில் இருமல் தணிகின்றதா, வேலைக்கு மீண்டதும் மிகுகின்றதா என்றும் கேட்க வேண்டும். ஆம் என்று அவன் கூறினால் நோயின் பாதி வரலாறு தெரிந்துவிட்டது. அந்நிலையிலே அவனைத் தூசியினின்று விலக்கினால் மூச்சு மீளவும் கூடும். பீடிதான் காரணம் என்று கடிந்து, சில குளிகைகளைக் கொடுத்து அனுப்பினால், ஆண்டுகள் சென்றபின் அவன் மாடிப்படியில் ஏற முடியாதவனாய்த் திரும்பி வருவான். அப்போது கேட்டுப் பயனில்லை. பீடியும் கெடுதியே, தூசியோடு சேர்ந்தால் இருமடங்கு கெடுதி. ஆனால் ஒன்றின் பெயரால் மற்றொன்றை மறைத்தல் நேர்மையன்று.

பரிகாரமும் இன்று தெளிவாகியுள்ளது. தூசியை எழவிடாது மூடிய குழாய்களில் பண்டத்தை நகர்த்துதல், எழுந்த இடத்திலேயே உறிஞ்சி அகற்றுதல், உலர்ந்த தும்புத்தடியாற் கூட்டுவதை விடுத்து உறிஞ்சும் பொறியாலோ இயன்ற இடத்தில் நீர் தெளித்தோ துப்புரவு செய்தல், ஆண்டுதோறும் தொழிலாளியின் மூச்சின் வலுவை அளந்து பார்த்தல் என்பன முதல் வரிசைக் கடமைகள். முகத்துக்குப் பொருந்திய வடிகட்டுங் கவசம் இவற்றுக்கு அடுத்தபடி வருவது. கைலேஞ்சியைக் கட்டிக்கொள் என்று கூறி அமைவது 1700ஆம் ஆண்டோடு நின்றுவிடுவதாகும்.

இவ்வுரை எந்த ஆலையையும் பழிப்பதற்கன்று. கோதுமையும் சீமெந்தும் நாட்டுக்கு வேண்டும்; அத்தொழில்களால் மூதூரிலும் கிண்ணியாவிலும் பல அடுப்புகள் எரிகின்றன. அவ்வடுப்புகளின் விறகுப் புகையையும் அங்கே நாளெல்லாம் சுவாசிக்கும் பெண்களையும் இங்கே மறத்தலாகாது. சம்பளம் பெறாத அவ்வுழைப்பும் உழைப்பே. அவர்களிடமும் அதே கேள்வியைக் கேட்டல் தகும்.

மாலையிலே ஆலைச் சங்கு ஊதுகின்றது. தலையிலும் இமையிலும் வெண்டூசி படிந்த ஒருவன் துவிச்சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு குடாவின் கரையோரமாக வீடு திரும்புகின்றான். சற்றே நின்று இருமுகின்றான். அவ்விருமலைக் கேட்கும் வைத்தியரும், கங்காணியும், வீட்டாரும் முக்காலியை இழுத்துப் போட்டமர்ந்து, என்ன வேலை செய்கின்றாய், எத்தனை ஆண்டாய் என்று அவனை அன்போடு வினவுவாராயின், பாதுவாவிற் கண்ணிழந்து மறைந்த அம்முதியவரின் பணி நம் துறையிலும் தொடர்வதாகும்.